மூன்று தடவை கேட்டோம்

நான் ஒரு கோழி. அடிபட்டு வரும் குட்டிகளைத் தேற்றுவது என் வேலை. விசாரிப்பது நாய், எழுதி வைப்பது கழுதை. மூவரும் சேர்ந்து வேலை செய்யப் பழகுவதற்காக இரண்டு நாள் பயிற்சிக்குப் போனோம். கயிறு இழுத்தோம், போட்டோ எடுத்தோம், ஆளுக்கொரு சான்றிதழோடு திரும்பினோம். என்னுடையதில் நானே எச்சம் போட்டுவிட்டேன், அது வேறு கதை.

மறுநாளே வால் கிழிந்த அணில்குட்டி ஒன்று வந்தது.

"யாரு செல்லம் இப்படிச் செஞ்சது?" என்றேன்.

"பெரியப்பா கடிச்சாரு."

அடுத்து நாய் வந்து அதையே கேட்டது. குட்டி அழுதுகொண்டே அதே பதிலைச் சொன்னது. பிறகு கழுதை வந்து நோட்டைப் பிரித்து, "முதல்ல இருந்து சொல்லு பாப்பா" என்றது.

"நானேதான் விழுந்துட்டேன்."

"அப்போ சாயங்காலம் பெரியப்பா பொந்துக்கே திருப்பி அனுப்பிடலாம்" என்று சொல்லிக்கொண்டே கழுதை எழுதியது.

நான் குறுக்கே புகுந்தேன். "என்கிட்ட வேற மாதிரி சொன்னியே கண்ணு?"

"எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்டீங்க. பதில் தப்பா இருந்தாத்தானே மறுபடியும் கேப்பாங்க?"

கழுதை எழுதிய தாளைக் கிழித்து மென்று விழுங்கியது. நானோ, பழக்கதோஷம், "சரி, என்னதான் நடந்துச்சு?" என்று கேட்க வாயைத் திறந்தேன். நாய் என் இறக்கையைக் கவ்வி உட்கார வைத்தது.

நாங்கள் மூவரும் ஒன்றாகச் செய்த முதல் வேலை அதுதான். வாயை மூடிக்கொண்டு குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

வெகுநேரம் கழித்து, "பெரியப்பாதான் கடிச்சாரு" என்றது குட்டி.

யாரும் மறுபடி கேட்கவில்லை.