குர்ஜந்த் சிங் கேட்ட ஒரு சொல்

"போடுடா கையெழுத்தை" என்று பஞ்சாபியில் சொன்னேன். குர்ஜந்த் சிங் பேனாவைப் பிடித்தபடி தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே, டைப் அடிக்கும் பெலிக்ஸின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் என் தம்பி பாண்டிச்செல்வம் நின்றான். அவன் சட்டைப் பையில் குர்ஜந்தின் அறுப்பு மெஷின் சாவி இருந்தது.

தம்பி என்று சொல்வது பழக்கதோஷம். பதினாறு வருஷமாக அவனும் நானும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. பாகம் பிரித்தபோது வாய்க்கால் தண்ணீர் முதலில் பாயும் தலைமடை வயல் அவனுக்குப் போனது. அன்றோடு சரி.

கான்சாபுரத்தில் அவன் வயலும் என் வயலும் ஒட்டிக் கிடக்கின்றன. அறுக்க வேண்டிய வயலின் மூலையில் ஒரு கம்பை நட்டு, உரச்சாக்குத் துண்டைக் கட்டிவிடுவது எங்கள் வழக்கம். வடக்கேயிருந்து மெஷின் கொண்டு வருகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. கம்பைப் பார்த்து இறங்கிவிடுவார்கள்.

நாலு நாளைக்கு முன் என் வயலை அறுக்க வந்தான் குர்ஜந்த். கம்பு தம்பி வயலில் நின்றது. அதில் இறங்கிவிட்டான்.

அது விதைநெல். மூன்று வருஷமாகக் கலப்பு வராமல், கதிர் கதிராகப் பார்த்து எடுத்தது. தம்பி கையறுப்புக்கு ஆள் சொல்லி வைத்திருந்தான். தளவாய்புரத்திலிருந்தெல்லாம் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மெஷின் வயிற்றில் ஏற்கெனவே கிடந்த நெல்லோடு அம்புட்டும் கலந்து கொட்டியது. இனி அதைப் பொங்கித் தின்னலாம், விதைக்க முடியாது.

பாண்டிச்செல்வம் வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். எனக்கு வருத்தம் இருந்தது என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

பிறகு எழுந்துபோய்ச் சாவியைப் பிடுங்கினான். ஊரே கூடிவிட்டது. குர்ஜந்த் பதறிப்போய்ப் பஞ்சாபியில் கத்தினான். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். பட்டாளத்தில் ஒன்பது வருஷம் ஃபெரோஸ்பூரில் கிடந்தவன் நான். அந்த பாஷை தெரிந்தவன் ஊரில் வேறு எவனும் இல்லை.

"தெரியாம எறக்கிட்டானாம். மன்னிச்சுக்கிடச் சொல்லுதான்" என்றேன்.

"மன்னிப்பாம் மண்ணாங்கட்டியாம்! தப்பு எம்மேலதான்னு எழுதிக் குடுத்துட்டுச் சாவிய வாங்கிக்கிடச் சொல்லுங்கலே!" என்று பாண்டிச்செல்வம் என்னைப் பார்க்காமல் ஊரைப் பார்த்துக் கத்தினான்.

நாலு நாளும் குர்ஜந்த் என் வீட்டில்தான் சாப்பிட்டான். என் வீட்டுக்காரி வெள்ளத்தாய் அவனுக்காகச் சப்பாத்தி போட்டாள். வெறும் மன்னிப்புக் கடிதம்தான் என்று அவனிடம் சொல்லியிருந்தேன். கையெழுத்து விழுந்தால் சாவி அவனுக்கு. அந்தக் கடிதத்தை வைத்துத் தம்பி போடப்போகும் கேஸும் அவனுக்குத்தான் என்று சொல்லவில்லை.

கடிதத்தை இங்கிலீஷில் நானே சொல்லச் சொல்ல பெலிக்ஸ் அடித்தான். "தவறு முழுவதும் என்னுடையது. இதை வேறு எவரும் ஆர்க்கெஸ்ட்ரேட் செய்யவில்லை" என்று முடிந்தது.

"அந்த வார்த்தை எதுக்கு அண்ணாச்சி?" என்றான் பெலிக்ஸ்.

"சொன்னத அடிலே" என்றேன். பெரிய ஆபீசர்கள் வாயில் புழங்கும் சொல். அவனுக்கு எங்கே தெரியும்.

இப்போது குர்ஜந்த் அதே சொல்லின் மேல் விரலை வைத்தான். பத்தாவது வரை படித்தவன். என்னைச் சித்தப்பா முறை வைத்துத்தான் கூப்பிடுவான். "சாச்சாஜி, மத்ததெல்லாம் புரியுது. இது என்ன?"

ஒன்றுமில்லை, போடு என்று சொல்லியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"கண்டோன்மென்ட்டில் பேண்டு வாசித்துப் பார்த்திருக்கிறாயா?" என்றேன். பார்த்திருந்தான். "நாற்பது பேர் ஊதுவான், அடிப்பான். முன்னால் ஒருத்தன் நிற்பான் பார், அவன் ஊதவும் மாட்டான், அடிக்கவும் மாட்டான். கையில் ஒரு கம்பு மட்டும் இருக்கும். அவன் காட்டினபடி அத்தனை பேரும் வாசிக்கணும். பாட்டோ, கல்யாணமோ, கலவரமோ, அப்படி நின்று நடத்தி வைப்பதற்குத்தான் இந்தச் சொல்."

நல்ல விளக்கம். எனக்கே திருப்தியாக இருந்தது.

குர்ஜந்த் அந்த வரியை முதலிலிருந்து மறுபடி எழுத்துக்கூட்டினான். பிறகு நிமிர்ந்தான்.

"அப்போ, கையில் கம்பு வச்சிருந்தவன் எவனும் இல்லைன்னு நான் எழுதித் தரணுமா?"

இந்தத் தடவை சாச்சாஜி என்று சொல்லவில்லை.

பேனாவோடு எழுந்து ரோட்டில் இறங்கினான். கூப்பிட்டேன், திரும்பவில்லை. ராஜபாளையம் பஸ் ஒன்று குறுக்கே வந்து மறைத்தது.

பஸ் விலகியபோது அவன் பாண்டிச்செல்வத்தின் முன்னால் குத்தவைத்திருந்தான். பேனாவை மண்ணில் நட்டான். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அதன் தலையில் கட்டினான். அப்புறம் கையை நீட்டி என்னைக் காட்டினான்.

பாண்டிச்செல்வம் பேனாவைப் பார்த்தான். பதினாறு வருஷம் கழித்து என்னை நேருக்கு நேர் பார்த்தான்.

நாலு நாளைக்கு முன் வரப்பில் நின்று குர்ஜந்த் கத்தியதும் இதைத்தான். "விடிஞ்சதும் இங்கே கம்பை நட்டு, இந்த வயல்தான்னு காட்டினது இந்த சாச்சாதான். வேணும்னா அவரையே கேளுங்க."

ஊர் கேட்கத்தான் செய்தது. என்னிடம்தான் கேட்டது.