பாதாம் மரத்தடியில் கழுதை

ஸ்பெயின் எல்லையோரத்து அந்த ஊரே மதியத் தூக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது ஊர்த் தலைவர் தொன் குமர்சிந்தோவின் கோவேறு கழுதை காணாமல் போனது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் போர்ச்சுகல். ஆற்றைத் தாண்டிய கழுதை எதுவும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அந்த நேரத்தில் விழித்திருந்தவர் ஓவியர் தொன் எவாரிஸ்தோ மட்டும்தான். வெயிலில் குன்றின் மேல் இயற்கைக் காட்சி வரைந்துகொண்டிருந்தார். வண்ணம் காயாத அந்தப் படத்தையும் அவரையும் சேர்த்தே தலைவர் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள்.

படத்தில் ஒரு பாதாம் மரம். அதன் அடியில் அதே கழுதை. அதைக் கட்டியிருந்தது கயிறு அல்ல, சிவப்பு இடுப்புக் கச்சை. அடுப்பு நெருப்பில் பொசுங்கிய ஓட்டைகூட அச்சு அசலாக இருந்தது.

கூட்டத்தில் நின்ற ரொட்டிக்காரன் நிக்காசியோவை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அது அவனுடைய கச்சை.

“துவைச்சு கொடியில போட்டிருந்தேன் ஐயா. நான் தூங்கிட்டிருந்தேன். என் பொண்டாட்டிய கேளுங்க.”

“அவளும்தானே தூங்கினா?” என்றார் விசாரிக்க வந்திருந்த போலீஸ் சார்ஜென்ட்.

“ஓவியர் ஐயா கற்பனையா வரைஞ்சிருப்பாரு.”

தலைவர் சுவரில் தொங்கிய தன் உருவப்படத்தைக் காட்டினார். மூக்கின் மேல் மரு, மருவின் மேல் முடி. “இதை மட்டும் விட்டுடுங்கன்னு கெஞ்சினேன்டா. விட்டாரா? இவரா கற்பனை பண்ணுவாரு?”

உண்மைதான். கண் முன்னால் இல்லாத எதையும் தொன் எவாரிஸ்தோ வரையமாட்டார். மேகம் வேண்டுமென்றால், மேகம் வரும்வரை உட்கார்ந்திருப்பார். மாட்ரிட் வரை அவருக்குப் பேர் வந்ததே அதனால்தான்.

சார்ஜென்ட் விலங்கை எடுத்தார். இவன் சிறைக்குப் போனால் அடுப்பு அணைந்துவிடும், வீட்டில் பிள்ளைகள் பட்டினி. நிக்காசியோவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. படத்தின் மேல் வெளிச்சம் சரியாக விழவில்லையே என்று ஜன்னலை முறைத்துக்கொண்டிருந்த ஓவியரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மாதா சத்தியமா சொல்லுங்க ஐயா, என்னை அங்க பாத்தீங்களா?”

“உன்னையா? இல்லையே. மரத்தைத் தவிர அங்க ஒண்ணுமே இல்லப்பா.”

“அப்போ கழுதை?” என்றார் சார்ஜென்ட்.

“மரத்தடி வெறிச்சுன்னு இருந்துச்சு, அதனால இவர் கழுதையை அவுத்துட்டு வந்தேன், பச்சைக்கு நடுவுல கொஞ்சம் சிவப்பு வேண்டியிருந்துச்சு, அதனால உன் கச்சையை எடுத்துட்டு வந்தேன், இல்லாததை எப்படிப்பா வரையறது?”