உப்பு டாக்டரின் மாத்திரை

“லிஃப்ட்தான் நல்லா வேலை செய்யுதே, எதுக்கு நாலு மாடி ஏறி வந்தீங்க?”

“ஏறிப் பழகிடுச்சு டாக்டர்,” என்றார் தையல்காரர். அவருக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. லிஃப்டில் வந்த அவர் மனைவிக்குத்தான் வாங்கியது.

டாக்டருக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. பலவீனமான இதயங்களுக்கு வைத்தியம் பார்த்தே தலை நரைத்தவர் அவர். உப்பைக் குறை, உப்பைக் குறை என்று ஊரையே விரட்டியதில் ‘உப்பு டாக்டர்’ என்றே பெயராகிவிட்டது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அவர் வீட்டில் அது அவர் தட்டுக்கு வந்தது.

ஆராய்ச்சிதான் அவர் காலை வாரிக்கொண்டே இருந்தது. அவர் கண்டுபிடித்த மருந்தையெல்லாம் தின்று எலிகள் மல்யுத்தத்துக்குத் தயாராயின. மனிதர்கள் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இந்த மாத்திரைதான் கடைசி வாய்ப்பு. இதுவும் பலிக்காவிட்டால் ஆராய்ச்சிக்கூடத்தைப் பூட்டிவிடுவதாக ஆஸ்பத்திரி நிர்வாகம் சொல்லிவிட்டது. மாத்திரை வாங்கிப் போனவர்களில் தேறியவர் தையல்காரர் ஒருவர்தான். நாளை நடக்கும் டாக்டர்கள் மாநாட்டு மேடையில் அவரை நிறுத்திவிட்டால் ஆராய்ச்சி பிழைத்துக்கொள்ளும்.

“காலைக் காட்டுங்க.”

போன வருஷம் பூசணிக்காயாய் வீங்கியிருந்த கால்கள். இப்போது செருப்புக்குள் அடக்கமாக இருந்தன.

“தினமும் நடக்கிறீங்களா?”

“நடக்க எங்க விடுது டாக்டர்? ஒரே ஓட்டம்தான்.”

“பாத்தீங்களா, மாத்திரை படுத்துற பாட்டை!” டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. “நாளைக்கு மேடையில ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இந்த மாத்திரையாலதான் ஓடுறேன்னு.”

“அது சத்தியமான வார்த்தையாச்சே. தாராளமா சொல்றேன்.”

“சொல்வீங்க, சொல்வீங்க,” என்றார் மனைவி. “அத்தனை பெரிய டாக்டருங்க முன்னாடி மாட்டிக்கிட்டு முழிக்கிறதுக்கு, இங்கயே உண்மையைச் சொல்லித் தொலைங்க.”

தையல்காரர் தலையைச் சொறிந்தார். “வேப்பங்காயா கசந்துச்சு டாக்டர். முதல் மாத்திரையை நாக்குல வச்சதோட சரி. ஒண்ணுகூட முழுங்கல.”

டாக்டர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆயுசு பூராவும் உழைத்த உழைப்பு ஒரு கசப்பில் போய்விட்டதே என்று அழுகையே வந்தது.

“அப்புறம் எப்படிய்யா ஓடுறீங்க?”

“நீங்க ஆசையா குடுத்ததைத் தூக்கிப் போட மனசு வரல. எழுந்து நிக்கவே முடியாம கிடந்த எங்க கிழட்டு நாய்க்கு பிஸ்கட்டுக்குள்ள வச்சுக் குடுத்தேன்; அது இப்ப விடிஞ்சா போதும், சங்கிலியோட என்னையும் இழுத்துக்கிட்டு மலையேறுது.”