தாங்கரெல் சாமியாரின் தொப்பி

"வாயேன் ஒதில்! இன்னிக்கு அந்தச் சாமியாரோட வண்டவாளம் தண்டவாளத்துல ஏறப்போகுது. பார்க்க வேணாமா?"

தலையைப் படிய வாரிக்கொண்டே மனைவியை அவசரப்படுத்தினான் அன்செல்ம். பட்டறையில் இரும்படிக்கிறவன். மாதா கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்காத ஆள். அப்பேர்ப்பட்டவன், ஞாயிற்றுக்கிழமை மதியம் கோயில் கூடத்தில் போடுகிற சினிமாவுக்கு ஊருக்கு முன்னால் கிளம்பி நின்றான்.

"எனக்கு வேணாம். நீ போயிட்டு வாய்யா," என்றாள் ஒதில்.

"சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்டி. நான் மட்டும் சொன்னா எவன் நம்புவான்?"

ஒதில் ஜன்னலைச் சாத்தினாள். பிறகு சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பிரான்சில் நார்மண்டிப் பக்கம் அந்தச் சின்ன ஊருக்கு சினிமா என்றால் தாங்கரெல் சாமியார் போடுவதுதான். மிஷினையும் அவரே ஓட்டுவார். திரையில் முத்தம் வந்தால் போதும், தன் அகலத் தொப்பியைக் கழற்றி லென்ஸுக்கு முன்னால் பிடித்துவிடுவார். கூடமே விசிலடிக்கும். ஊருக்கு அது பழகிப்போன கூத்து.

இன்றைய படம் புனித ஜோனின் கதை. குதிரையேறிப் போய் இங்கிலீஷ்காரனை விரட்டிய பட்டிக்காட்டுப் பெண். கடைசியில் அவளை உயிரோடு எரித்துவிட்டார்கள். விசாரித்துத் தீர்ப்புச் சொன்னவர் ஓர் ஆயர், சாமியார்களுக்கெல்லாம் மேலே இருக்கும் பிஷப்.

"அவங்க ஆளுங்க செஞ்ச பாவத்தை எந்தச் சாமியாராவது காட்டுவானா? தொப்பி விழும் பாருங்க! எழுந்து நின்னு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலைன்னா நான் அன்செல்ம் இல்லை!"

மதுக்கடையில் சகாக்களிடம் அப்படிச் சவடால் விட்டுவிட்டு வந்திருந்தான்.

படம் ஓடியது. ஆயர் எதிரியோடு பேரம் பேசினார். அன்செல்ம் திரும்பிப் பார்த்தான். தொப்பி சாமியாரின் தலையிலேயே இருந்தது.

அந்தச் சின்னப் பெண்ணை ஆயர் மிரட்டினார், பொய் சொன்னார். அப்போதும் தொப்பி அசையவில்லை.

"என்ன ஆச்சு இந்த ஆளுக்கு?" அன்செல்முக்கு ஏமாற்றம் தாங்கவில்லை.

"பேசாம படத்தைப் பாரேன்யா," என்றாள் ஒதில் மெதுவாக.

ஜோனைச் சந்தைத் திடலுக்குக் கொண்டுவந்து கம்பத்தில் கட்டினார்கள். ஒருவன் தீப்பந்தத்தோடு வந்தான்.

பொசுக்கென்று திரை இருண்டது. தொப்பி! சத்தத்தையும் குறைத்துவிட்டார்.

அன்செல்ம் துள்ளி எழுந்தான்.

"பார்த்தீங்களா! எல்லாரும் பார்த்தீங்களா! அவளைக் கொளுத்தினதும் நீங்க, இப்போ மறைக்கிறதும் நீங்க! தொப்பியை எடுய்யா சாமியாரே!"

விசில் பறக்கும் என்று எதிர்பார்த்தான். ஒருவர்கூட விசிலடிக்கவில்லை. பின்வரிசைக் கசாப்புக்காரர்தான் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தார். "உட்காருய்யா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

விளக்குகள் எரிந்தன. சாமியாரின் முகம் சிவந்திருந்தது.

"கடைசிக் காட்சியைப் பார்க்கணும்னு நினைக்கிறவங்க நாளைக்கு இதே நேரத்துக்கு வாங்க. முழுசாப் போடறேன்."

"இன்னிக்கே காட்டினா என்ன குடியா முழுகிடும்?" என்றான் அன்செல்ம்.

சாமியார் குனிந்து மிஷினை அணைத்தார்.

ஒதில் எழுந்தாள். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து நேரே அவரிடம் போனாள். அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நன்றி சாமி. ஜோனைப் பார்க்கணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா அந்த நெருப்பை எப்படிப் பார்க்கப்போறேன்னு, வர்ற வழியெல்லாம் எனக்கு உசிரே இல்லை."

அன்செல்முக்கு ஒன்றும் புரியவில்லை. "அந்த ஆளுக்கு எதுக்குடி நன்றி?"

அவள் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை, கண்ணில் தண்ணீர்தான் நின்றது.

"போன யுத்தத்துல குண்டு விழுந்து எங்க அம்மா வீடு எரிஞ்சப்போ நீ ஜெர்மனியில கைதியா இருந்தே. உனக்கு அது காதால கேட்ட சேதி. உள்ளே பூந்து அம்மாவையும் தங்கச்சியையும் பிணமாத் தூக்கிட்டு வந்தவரு இவரு. அன்னிக்கு நான் கதறின கதறல் இந்த ஊருக்கே தெரியும்யா."

அன்செல்ம் சுற்றிலும் பார்த்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. அந்த நெருப்பைப் பார்க்கத்தானே, சாட்சி வேணும் சாட்சி வேணும் என்று இவளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தேன்?

நடந்துபோய் சாமியாருக்கு முன்னால் நின்றான்.

"சாமி... இதை நான் மறக்க மாட்டேன். என் பொண்டாட்டிக்கு நீங்க செஞ்சதை..."

"அட, விடுங்க அன்செல்ம். நாளைக்குத் தனியா வாங்க. அந்த ஆயரை நாம ரெண்டு பேரும் சேர்ந்து நல்லாத் திட்டலாம்."

வெளியே மதுக்கடை வாசலில் சகாக்கள் காத்திருந்தார்கள்.

"என்னப்பா, சாமியார் மறைச்சாரா, இல்லையா?"

அன்செல்ம் ஒதிலின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"அவரு ஒண்ணையும் மறைக்கலைடா. எனக்குத்தான் இத்தனை நாளா கண்ணு தெரியலை."