ஒரு விரலில் மூன்று மோதிரம்

அந்த அம்மாளின் ஒரே விரலில் மூன்று மெல்லிய மோதிரங்கள் இருந்தும் மேலே ஒரு கீறல்கூட இல்லை. நகைக்கடைக்காரர் அசந்துபோனார்.

“இவ்வளவு பத்திரமா எப்படிம்மா வச்சிருக்கீங்க?”

“வேலைன்னு வந்தா முதல்ல கழட்டிடுவோம். தனித்தனித் துணியிலதான் வைப்போம்.”

“கழட்டிக் குடுங்க, பாக்கலாம்.”

அவள் பக்கத்தில் நின்ற கணவரிடம் கையை நீட்டினாள். அவர் ஒவ்வொன்றாக, வலிக்காமல் உருவிக் கொடுத்தார்.

“கழட்டிவிடக்கூட ஆளா? ராணிதான் போங்க!” என்று சிரித்தார் கடைக்காரர். “நடுவுல இருக்கறது ஓரத்துல தேயுதும்மா, அறுந்துடும். மூணையும் ஒண்ணாப் பத்தவச்சுடறேன். உரசாது, சாருக்கும் ஒரே வேலையாப் போயிடும்.”

மோதிரங்களைத் திரும்பப் போட்டுவிடக் கணவர் குனிந்தபோது அவளுடைய சால்வை நழுவியது. வலது தோளுக்குக் கீழே கை இல்லை.

“பத்தவைக்க வேணாங்க, தேயட்டும்,” என்றாள் அவள். “ஒண்ணாக்கிட்டா இவர் என் கையைச் சட்டுன்னு விட்டுடுவார்.”