கறிவேப்பிலை மரத்தின் மூத்த குடிகள்

ஆய்வகத்தில் மனிதர் உருவாக்கிய உயிர்களை அழிக்க வேண்டும் என்பது சட்டம். இசக்கியம்மாள் வீட்டுக் கறிவேப்பிலை மரத்து நீல வண்ணத்துப்பூச்சிகளும் அத்தகையவையே என்று மருந்தடிப்பவர் வாசலில் வந்து நின்றார். அருங்காட்சியகத்தில் கல்லில் பதிந்த சிறகுகளை வகைப்படுத்தும் இசக்கியம்மாளோ சேதி தெரிந்தும் அங்கே உருப்பெருக்கியை விட்டு அசையவில்லை. புதிதாகப் பிளந்த கல்லில் ஒரு சிறகு தெரிந்தது. நீலப்பூச்சிக்கு மட்டுமே உரிய, கவைபோல் இரண்டாகப் பிரியும் நரம்பு அதில் அப்படியே இருந்தது. மனிதன் தோன்றுமுன் இறுகிய கல் அது! அதற்கும் முன்னரே இவ்வினம் தன் உறவினங்களிலிருந்து பிரிந்து தனி இனமாகியிருக்கிறது. போன உயிர் திரும்பியது போலிருந்தது. சான்றை அதிகாரிகளுக்கு அனுப்பிவிட்டு, வீட்டிலிருந்த கணவரைத் தொலைபேசியில் அழைத்தார்.

“ஏங்க, அதுக நம்மளவிட மூத்ததுக. அவர அனுப்பிருங்க.”

“அப்பாடா! மரத்தக் கட்டிப்பிடிச்சு நின்னு கையெல்லாம் வலிக்கி,” என்றார் சுடலைமுத்து. “மூத்ததுகதான், ஒத்துக்கிடுதேன். ரசத்துக்கு நாலு எலயாவது மிச்சம் வைக்க அதுக புழுக்கட்டச் சொல்லு.”