எதிர்வீட்டுப் பூட்டு

எதிர்வீட்டுப் பூட்டைக் கம்பியால் குடைந்துகொண்டிருந்தாள் அந்தப் பெண். ஆபரேட்டரம்மா தன் வீட்டுக் கதவில் பதித்திருந்த சின்னக் கண்ணாடியில் கண்ணை ஒட்டவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

பட்டப்பகலில் என்ன துணிச்சல்! எதிர்வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். கைக்குக் கிடைத்த துடைப்பத்தோடு கதவை விரியத் திறந்தார்.

"யாருடி நீ? யார் வீட்டுப் பூட்டுல கைய வைக்கிற?"

"பயப்படாதீங்க மேடம், நான்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றது கனிந்த குரல் ஒன்று. கதவுக் கண்ணாடியில் தெரியாத ஓரமாக, அந்தப் பெண்ணை ஒட்டினாற்போல், கோட்டும் பளபளக்கும் ஷூவுமாக ஒருவர் நின்றிருந்தார். "வீட்டுக்காரரோட தம்பி நான். அண்ணன் அவசரமா ஒரு சாமானை எடுத்து அனுப்பச் சொன்னாரு. வர்ற வழியில சாவியத் தொலைச்சுட்டேன்."

துடைப்பம் தானாகக் கீழே இறங்கியது. ஆபரேட்டரம்மா வேலையில் இருந்த காலமெல்லாம் டெலிபோன் ஆபரேட்டர். குரலைக் கேட்டே ஆளை எடைபோட்டுவிடுவதாக அவருக்கு ஒரு நம்பிக்கை. இது நல்ல குடும்பத்துக் குரல், சந்தேகமே இல்லை.

அந்தப் பெண்தான் மனதுக்கு ஒட்டவில்லை. இருபது வயதுகூட இருக்காது. சாயம்போன சட்டை, நகக்கண்ணில் எண்ணெய்க் கறை, கால்மாட்டில் ஒரு கருவிப் பை.

"எந்தப் பக்கம் நீ?"

"கால்வாய் ஓரம்மா. தகரக் கொட்டகை வரிசை."

ஆபரேட்டரம்மா ஓரடி பின்வாங்கினார். அந்த வரிசை ஆள் என்றால் படிக்கட்டு கூட்டுகிற வேலைக்குக்கூட இந்தக் கட்டடத்தில் சேர்ப்பதில்லை. "அங்கேர்ந்தா வர்ற? அதுவும் பூட்டு வேலைக்கு?"

"எங்க வரிசையில பூட்டைத் திறக்கத் தெரிஞ்சவங்க நிறையப் பேரும்மா. படிச்சு, பரீட்சை எழுதி, கார்டு வாங்கிட்டுத் திறக்கிறது நான் ஒருத்திதான்." கழுத்தில் தொங்கிய அட்டையை நிமிர்த்திக் காட்டினாள். அதைக் காட்டும்போது மட்டும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். "ஒரே ஒரு தப்பு நடந்தாலும் இதைப் பிடுங்கிடுவாங்க. அப்புறம் எனக்கு மறுபடியும் கொட்டகைதான்."

"கதையெல்லாம் அப்புறம் பேசலாம். வேலையப் பாரு" என்றார் கோட்டுக்காரர்.

அவள் குனிந்தாள். ஒரு கம்பியை விட்டாள், எடுத்தாள், இன்னொன்றை விட்டாள். பூட்டு அசைந்துகொடுக்கவில்லை. கார்டாம், பரீட்சையாம், தொழில் ஒரு மண்ணும் தெரியவில்லையே என்று நினைத்தபடி ஆபரேட்டரம்மா உள்ளே போகத் திரும்பினார்.

சட்டென்று அந்தப் பெண் எழுந்து, அவர் தோளுக்கு மேலாக எட்டி வீட்டுக்குள் பார்த்தாள்.

"அடேயப்பா, எவ்ளோ பெரிய டிவி! வீட்டுல நீங்க மட்டுந்தானாம்மா?"

"எதுக்குக் கேக்குற?"

"சும்மாத்தான். உங்க வீட்டுப் பூட்டும் இதே மாதிரிதான் இருக்கு. ஊதினாலே திறந்துக்கும்."

கோட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார். ஆபரேட்டரம்மா ஒரே எட்டில் உள்ளே போனார். படாரென்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார், சங்கிலியையும் மாட்டினார். கீழே காவல் அறைக்குப் போன் போட்டார்.

"உடனே மேல வாங்கப்பா! கொட்டகைப் பொண்ணு ஒருத்தி வீடு வீடா நோட்டம் பார்க்குறா. ஒருத்தர் லிஃப்ட்ல வாங்க, ஒருத்தர் படியில வாங்க. தப்பிச்சு ஓடிடப் போறா. பாவம், ஒரு பெரிய மனுஷன் விவரம் தெரியாம அவளைக் கூட்டிட்டு வந்து நிக்கிறாரு."

லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும்தான் ஆபரேட்டரம்மாவுக்குத் தைரியம் திரும்பியது. வெளியே வந்து விரலை நீட்டினார்.

"இவதான்! பிடிங்க இவளை!"

வாட்ச்மேன் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. கோட்டுக்காரரையே பார்த்தார்.

"சார், மேல பல் டாக்டரைப் பார்க்கணும்னுதானே சொன்னீங்க? இங்க என்ன பண்றீங்க?"

கனிந்த குரல் திடீரென்று தடுமாறியது. "அது வந்து... இது எங்க அண்ணன் வீடு..."

"அப்படியா? இருங்க, அவருக்கே போன் போட்டுத் தர்றேன், பேசுங்க."

வாட்ச்மேன் எண்களை அழுத்தி முடிப்பதற்குள் கோட்டுக்காரர் படிக்கட்டை நோக்கிப் பாய்ந்தார். அங்கே ஏறி வந்துகொண்டிருந்த இன்னொரு வாட்ச்மேன் அவரை அப்படியே வாரி அணைத்துக்கொண்டார். இருவருமாகச் சேர்ந்து அவரை லிஃப்டுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆபரேட்டரம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் பதறாமல் கம்பிகளைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவன் திருடன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"வந்ததுமே, உங்க வீடுதான்னு ஏதாவது காட்டுங்க சார்னு கேட்டேன். உள்ள இருக்குன்னாரு. அப்போ நான் கிளம்புறேன்னதும் பையைப் பிடிச்சுக்கிட்டு விடலை. போன்ல கை வச்சாலும் பார்த்துடுவாரு."

"ஏண்டி, நான் எதிர்ல வந்து நின்னப்ப எனக்காவது ஒரு ஜாடை காட்டியிருக்கக்கூடாதா? அதை விட்டுட்டு என்னைப் போய் எதுக்கு அப்படிப் பயமுறுத்தின?"

அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தாள்.

"அவரைப் பார்த்தா யாரும் வாட்ச்மேனைக் கூப்பிட மாட்டாங்கம்மா. என்னைப் பார்த்தா கூப்பிடுவாங்க."